செய்தி சேராத கலமும் செய்தி ஓயாத கலமும்

வாசகர் கேள்வி – பதில்

ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை இம்முறை வந்த மடல்களில் நோயும் மருந்தும் நஞ்சும் பற்றியவையே மிகுதியாக இருந்தன. அவற்றுள் புரதங்களோடும், கலங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் சமிக்ஞைகளோடும் தொடர்புடைய கேள்விகளை ஒன்றுசேர்த்து இவ்விதழில் பதிலளிக்கிறேன். தனிப்பட்ட ஒருவருக்குரிய சிகிச்சையை இப்பகுதியில் தீர்மானிக்க இயலாது. அதை அவரவர் வைத்தியரே சொல்ல வேண்டும்.

கேள்வி: எனது உம்மாவுக்கு நீண்ட காலமாக நீரிழிவு. அவருடைய உடலில் இன்சுலின் போதிய அளவு சுரக்கிறது, ஆனால் அது வேலை செய்யவில்லை என்று வைத்தியர் கூறினார். சுரக்கின்ற ஒரு பொருள் எவ்வாறு வேலை செய்யாமற் போகும்? இரவு ஒன்றும் உண்ணாமல் படுத்தாலும் காலையில் சீனியின் அளவு ஏன் கூடியிருக்கிறது?
– ஆசிரியை ஒருவர், காத்தான்குடி

பதில்: இன்சுலின் தானே குளுக்கோசைச் சுமந்து சென்று கலத்துக்குள் விடுவதில்லை. அது ஒரு செய்தியை மட்டுமே கொண்டு செல்கிறது. 51 அமினோ அமிலங்களாலான அச்சிறு புரதம், சதையியிலிருந்து குருதியில் கலந்து, தசை, கொழுப்பிழையம், ஈரல் ஆகியவற்றின் கலங்களை அடைந்து, அவற்றின் மென்சவ்வில் பதிந்திருக்கும் இன்சுலின் வாங்கி என்ற பெரிய புரதத்தின் வெளிப்பகுதியோடு பொருந்துகிறது. பொருந்திய கணமே வாங்கியின் வடிவம் மாறுகிறது. கலத்தின் உட்புறமாக உள்ள அதன் பகுதி விழித்துக்கொண்டு, தன் மீதும் அருகிலுள்ள வேறு புரதங்களின் மீதும் பொசுபேற்று எனப்படும், பொசுபரசு அடங்கிய சிறு இரசாயனக் கூட்டங்களை ஏற்றுகிறது. பொசுபேற்று ஏறிய புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, அது இன்னொன்றைத் தூண்ட, இவ்வாறு ஒரு வரிசையாகச் சென்ற செய்தியின் முடிவில், கலத்தினுள் சிறு புடகங்களில் ஒதுங்கியிருந்த குளுக்கோசுக் கடத்திப் புரதங்கள் மென்சவ்வுக்கு நகர்ந்து வந்து குளுக்கோசை உள்ளே விடுகின்றன. புரதத்தின் மீது பொசுபேற்றை ஏற்றியும் இறக்கியும் அதன் தொழிலைத் தொடக்கவும் நிறுத்தவும் முடியும் என்பதை 1950களில் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய இருவரும் கண்டறிந்தனர்; அதற்காக 1992இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொசுபேற்றை ஏற்றும் இந்த நொதியங்களைக் கைனேசுகள் என்பர். மனித உடலில் அவை 500க்கும் மேற்பட்ட வகைகளாக உள்ளன.

இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினும் இருக்கிறது, வாங்கியும் பெரும்பாலும் இருக்கிறது. வாங்கிக்கு அப்பால் உள்ள அந்த வரிசைதான் மந்தமாகிவிடுகிறது. ஈரலிலும் தசையிலும் அளவுக்கு மீறிச் சேரும் கொழுப்பும், வயிற்றுக் கொழுப்பிழையத்திலிருந்து வெளிவரும் அழற்சிப் பொருள்களும், வரிசையிலுள்ள புரதங்களின் மீது பொருந்தாத இடங்களில் பொசுபேற்று ஏறச் செய்து, செய்தி கடந்து செல்வதைத் தடுக்கின்றன. குளத்தில் நீர் நிறைந்திருந்தும் வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையின் சொல் மடைக்குப் போய்ச் சேராததால் காய்ந்து கிடக்கும் வயலின் நிலைதான் அக்கலத்தின் நிலை. சதையி இதனை ஈடுசெய்ய மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, பின்னர் களைப்படைகிறது. அப்போது நோய் வெளிப்படையாகத் தெரிகிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. இன்சுலின் ஈரலுக்குச் சொல்லும் செய்தி வேறு: குளுக்கோசை உற்பத்தி செய்வதை நிறுத்து என்பதே அது. ஈரல் அதைக் கேளாதபோது இரவு முழுவதும் தானே குளுக்கோசை ஆக்கிக் குருதிக்குள் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே உம்மா பட்டினி கிடந்தாலும் காலையில் அளவு கூடுவது அவருடைய குற்றமன்று. பலருக்கும் கொடுக்கப்படும் மெற்போமின் மாத்திரை முதன்மையாக ஈரலின் இந்த உற்பத்தியைத்தான் குறைக்கிறது.

இன்னுமொன்றைச் சொல்ல வேண்டும். சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் செய்தியை எதிர்பாராமல், தனக்கே உரிய வேறொரு சமிக்ஞை வழியால் அதே குளுக்கோசுக் கடத்திகளை மென்சவ்வுக்கு வரவழைக்கிறது. மந்தமான பாதையைத் தவிர்த்துச் செல்லும் இரண்டாவது பாதை ஒன்று உடலிலேயே இருக்கிறது என்று பொருள். நாள்தோறும் நடக்கும்படி வைத்தியர்கள் வற்புறுத்துவது எடையைக் குறைப்பதற்காக மட்டுமன்று. எடை சிறிதும் குறையாத போதும் நடையால் இந்தப் பயன் கிடைக்கிறது. மாலையில் வீட்டு முற்றத்திலேனும் உம்மாவை நடக்கச் செய்யுங்கள்.

கேள்வி: இன்சுலினை ஏன் மாத்திரையாகத் தருவதில்லை? அது பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாகச் சொல்லிச் சிலர் ஊசியை மறுக்கிறார்கள். உண்மை என்ன?
– காத்தான்குடியிலிருந்து இன்னொரு வாசகர்

பதில்: இன்சுலின் புரதம் என்பதால் வாயால் உட்கொண்டால் இறைச்சியும் மீனும் செரிப்பதைப் போலவே செரித்து அமினோ அமிலங்களாகிவிடும், செய்தி அழிந்துபோகும்.

1921இல் ரொறன்ரோவில் பிரெடெரிக் பான்ரிங், சார்ல்ஸ் பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்த காலம் முதல் அறுபது ஆண்டுகள் வரை அது மாடு, பன்றி ஆகியவற்றின் சதையியிலிருந்தே பெறப்பட்டது. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரேயொரு அமினோ அமிலத்தாலும், மாட்டின் இன்சுலின் மூன்றாலும் மட்டுமே வேறுபடுகின்றன. 1978இல் மனித இன்சுலினுக்குரிய பரம்பரை அலகைப் பக்டீரியாவினுள் புகுத்தி அதனைக்கொண்டு இன்சுலினைச் செய்விக்கும் முறை வெற்றி கண்டது. 1982இல் அது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. இன்று மனித இன்சுலின் என்ற பெயரில் வழங்கப்படுவது பக்டீரியாவிலோ மதுவக் கலங்களிலோ இவ்வாறு உருவாக்கப்படுவதே ஆகும். போத்தலின் மேலுறையில் வகை எழுதப்பட்டிருக்கும்; ஐயமிருப்பவர் மருந்தாளரிடம் கேட்டுத் தெளியலாம். தெளியாமல் ஊசியை நிறுத்துவது உயிருக்கு ஆபத்தானது.

கேள்வி: புரதத் தூள் உண்டால் உடலில் வாங்கிகளும் ஓமோன்களும் கூடுமா?
– இளைஞர் ஒருவர், மட்டக்களப்பு நகர்

பதில்: கூடா. எந்தப் புரதமும் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்த பின்னரே உடலுக்குள் செல்கிறது. அவற்றைக்கொண்டு எந்தப் புரதத்தை எவ்வளவு ஆக்குவது என்பதைக் கலத்தின் பரம்பரை அலகுகளும் அதற்கு வரும் சமிக்ஞைகளும் தீர்மானிக்கின்றன. வாவி மீனும் பருப்பும் முட்டையும் அதே அமினோ அமிலங்களைத்தான் தருகின்றன.

கேள்வி: படுவான்கரையில் நெல் செய்கிறோம். வாடியில் நிலத்தில் படுத்திருந்த எனது மச்சானைக் கட்டுவிரியன் தீண்டியது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. விடியும்போது கண் இமைகளைத் திறக்க முடியவில்லை. வைத்தியசாலையில் பல நாட்கள் இயந்திரத்தின் உதவியால் மூச்சு விட்டுப் பிழைத்தார். விசமுறிவு மருந்து உடனே கொடுத்தும் ஏன் இத்தனை நாட்கள்? கிருமிநாசினி விசிறும்போது சிலருக்கு வாயில் நீர் ஊற்றி மூச்சுத் திணறுவதும் இப்படிப்பட்டதுதானா?
– விவசாயி ஒருவர், வவுணதீவு

பதில்: உங்கள் மச்சான் பிழைத்தது பெரும் ஆறுதல். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே சமிக்ஞையின் இரு கேடுகள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கையை அசைக்க நினைக்கும்போது மூளையிலிருந்து வரும் கணத்தாக்கம் நரம்பின் முனையை அடைந்ததும் அங்கிருந்து அசற்றைல்கோலின் என்னும் சிறு மூலக்கூறு வெளிவருகிறது. நரம்புகள் இரசாயனப் பொருளின் வழியாகவே செய்தி சொல்கின்றன என்பதை 1921இல் ஓட்டோ லோவி தவளையின் இதயத்தைக் கொண்டு நிறுவினார். அவரும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வெளிவந்த அசற்றைல்கோலின், தசையின் மேலுள்ள வாங்கியோடு பொருந்துகிறது. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளையை அமைத்திருக்கும் வாங்கி அது. பொருந்தியதும் துளை திறந்து சோடியம் அயன்கள் உட்புகத் தசை சுருங்குகிறது. இத்துடன் வேலை முடிவதில்லை. அங்கேயே காத்திருக்கும் அசற்றைல்கோலின்எசுத்தரேசு என்னும் நொதியம் ஆயிரத்திலொரு பங்கு வினாடி அளவிலேயே அசற்றைல்கோலினை உடைத்துச் செய்தியை முடித்துவைக்கிறது. தொடக்கத்தைப் போலவே முடிவும் சமிக்ஞையின் பகுதி என்பதை நாம் பெரிதும் மறந்துவிடுகிறோம்.

நாகபாம்பின் நஞ்சிலுள்ள சிறு புரதங்கள் தசையின் வாங்கியின் மேல் அமர்ந்து அசற்றைல்கோலினை நெருங்கவிடாமல் தடுக்கின்றன. கட்டுவிரியனின் முதன்மை நஞ்சோ ஒரு படி முன்னதாக நரம்பின் முனையையே தாக்கி, அங்குள்ள கொழுப்புச் சவ்வைச் சிதைத்து, அசற்றைல்கோலின் வெளிவருவதற்கான அமைப்பை அழித்துவிடுகிறது. விசமுறிவு மருந்து குருதியில் இன்னும் சுற்றித் திரியும் நஞ்சைப் பிடிக்கும். சிதைந்துபோன நரம்பு முனையை அதனால் மீளக் கட்ட முடியாது. முனை புதிதாக வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள் செல்லும். அதுவரை மூச்சுத் தசைகளின் வேலையை இயந்திரம் செய்ய வேண்டும். ஆகவே அந்தப் பல நாட்களும் மருந்தின் தோல்வியைக் காட்டுவனவல்ல. உடல் தன்னைத் திருத்திக்கொள்ளத் தேவையான காலம் அவை. புடையன் எனப்படும் கண்ணாடி விரியனின் நஞ்சு முதன்மையாகக் குருதி உறையும் புரதங்களைத் தூண்டி அவற்றைத் தீர்த்துவிடுவது; அது வேறு வழி.

வரம்பில் வேலை செய்வோர் அனைவருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், நிலத்தில் உறங்குவோரையே தீண்டுகிறது. காயம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். நள்ளிரவில் காரணமின்றி வயிற்றுவலி வந்தாலோ, இமைகள் தொங்கினாலோ, விழுங்கக் கடினமாக இருந்தாலோ, பாம்பைக் காணவில்லை என்று காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடிவாயை வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். அவயவத்தை அசைக்காமல் கொண்டு செல்வதே உதவி. வாடியில் கட்டிலில் படுப்பதும், நுளம்பு வலையை விளிம்பு வரை செருகி உறங்குவதும் பாம்பிலிருந்தும் காக்கும்.

இனிக் கிருமிநாசினி. சேதனப் பொசுபரசு வகையைச் சேர்ந்த கிருமிநாசினிகள் செய்தியை முடித்துவைக்கும் அந்த நொதியத்தை முடக்கிவிடுகின்றன. அதனால் அசற்றைல்கோலின் உடைபடாமல் தேங்கி, வாங்கிகளை ஓயாமல் தூண்டுகிறது: உமிழ்நீரும் வியர்வையும் ஊற்றும், கண்மணி சுருங்கும், நுரையீரலில் சளி நிறையும், தசைகள் துடித்துப் பின்னர் தளர்ந்துபோகும். பாம்பு நஞ்சில் செய்தி போய்ச்சேரவில்லை. இங்கே செய்தி நிற்கவில்லை. இரண்டும் மூச்சை நிறுத்துவதிலேயே முடியக்கூடும். சுரப்புகளைத் தூண்டும் வாங்கிகளை அடைத்து நிற்கும் அத்திரோப்பீன் இதற்கு முதன் மருந்தாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. விசிறும்போது இவ்வறிகுறிகள் தோன்றினால் உடனே வேலையை நிறுத்தி, நனைந்த உடுப்பைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, மருந்துப் போத்தலின் சிட்டையையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இந்நஞ்சு தோலினூடாகவும் உட்செல்லும் என்பதை இளைஞர் பலர் அறியாதிருக்கின்றனர். சாரத்துடனும் வெறும் மேலுடனும் விசிறுவோரை வயல்களில் காணும்போது நெஞ்சு பதைக்கிறது.

பாம்பு நஞ்சால் வந்த நன்மையொன்றும் உண்டு. தாய்வானில் வாழும் ஒருவகைக் கட்டுவிரியனின் நஞ்சிலுள்ள புரதமொன்று அசற்றைல்கோலின் வாங்கியை இறுகப் பற்றி விடாது என்பதால், 1970 அளவில் ஆய்வாளர்கள் அதையே கருவியாக்கி, மின்மீன்களின் உறுப்புகளிலிருந்து அவ்வாங்கியைப் பிரித்தெடுத்தனர். 1973இல் ஜிம் பற்றிக், ஜோன் லின்ட்ஸ்ற்ரோம் ஆகியோர் அவ்வாறு பிரித்த வாங்கியை முயல்களுக்கு ஏற்றியபோது, முயல்கள் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கித் தாமே தசைத் தளர்ச்சிக்கு உள்ளாயின. இமை தொங்கி, மாலைக்குள் உடல் சோர்ந்துவிடும் மையஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் காரணம் இவ்வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது: நோயாளியின் உடலே தனது வாங்கிகளுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்கிவிடுகிறது. அவ்வாங்கிகளில் எஞ்சியவை நன்கு பயன்படும் பொருட்டு, அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை அளவாகத் தடுக்கும் மாத்திரையை அவர்களுக்குக் கொடுக்கின்றனர். வயலில் கொல்லும் வழி வைத்தியசாலையில் குணப்படுத்தும் வழியாகிறது. அளவும் கட்டுப்பாடுமே வேறுபாடு.

கேள்வி: வெற்றிலை போட்டால்தான் வேலை ஓடுகிறது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டா?
– குடும்பத் தலைவி ஒருவர், வாழைச்சேனை

பதில்: உண்டு, அதுவே கவலைக்குரியது. மேற்சொன்ன அசற்றைல்கோலினுக்கு உடலில் இருவகை வாங்கிகள் உள்ளன. பாக்கிலுள்ள அரிக்கோலின் ஒரு வகையைத் தூண்டுகிறது. புகையிலையிலுள்ள நிக்கோற்றின் மற்ற வகையைத் தூண்டுகிறது. இரண்டையும் ஒரே வாயில் போடும்போது உடலின் மிகப் பழைய சமிக்ஞை முறையொன்றை இரு புறத்தாலும் தூண்டுகிறோம். விழிப்பும் சுறுசுறுப்பும் தோன்றுவது இயல்பே. விட முடியாமற் போவதும் அதனாலேயே. புகையிலையைத் தவிர்த்துவிட்டால் பாக்குத் தீங்கற்றது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அது தவறு. பாக்கு தனித்தும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. பாக்குச் சாறு கன்னத்தின் உட்புறக் கலங்களில், காயம் ஆறுவதற்குரிய சமிக்ஞைப் புரதங்களை ஓயாமல் தூண்டுவதால், தேவையற்ற நார்ப்புரதம் படிந்து, கன்னம் தடித்து, வாயை முழுதாகத் திறக்க இயலாத நிலை வருகிறது. இந்நிலை பின்னர் புற்றுநோயாகக்கூடியது. இலங்கையின் ஆண்களிடையே வாய்ப்புற்று முதன்மையான புற்றுநோயாக இருப்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். வாயில் வெண்படலமோ ஆறாத புண்ணோ இரு வாரங்களுக்கு மேல் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டச் செய்யுங்கள்.

கேள்வி: மாரி வெள்ளம் வந்தால் எங்கள் பகுதியில் வயிற்றோட்டம் பரவுகிறது. குடிப்பதெல்லாம் வெளியேறும்போது ஜீவனி மட்டும் எப்படி உடலில் தங்குகிறது? இளநீர் போதாதா?
– தாய் ஒருவர், ஏறாவூர்

பதில்: ஜீவனி என்பது உப்பும் குளுக்கோசும் கலந்து நீரில் கரைத்துக் குடிக்கும் தூள். வாந்திபேதி (கொலரா) போன்ற கடும் வயிற்றோட்டங்களில் கிருமி வெளியிடும் நஞ்சுப் புரதம் குடற்கலத்துக்குள் புகுந்து, அங்குள்ள ஜி புரதம் என்னும் சமிக்ஞைப் புரதத்தை மாற்றியமைத்து, அது ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாதபடி செய்துவிடுகிறது. அதன் விளைவாகக் கலத்தினுள் சுழல் ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறு பெருகுகிறது. குளோரைட்டு அயன்கள் குடலுக்குள் ஓயாமல் கொட்ட, நீரும் அவற்றின் பின்னால் செல்கிறது. இங்கும் கேடு, முடிய வேண்டிய செய்தி முடியாமையே.

ஆனால் சோடியத்தையும் குளுக்கோசையும் ஒன்றாகப் பற்றி உள்ளே எடுக்கும் வேறொரு கடத்திப் புரதத்தை அந்த நஞ்சு தொடுவதில்லை. 1960இல் றொபேட் கிரேன் எடுத்துரைத்த இக்கடத்தியின் வழியே உப்பும் சீனியும் செல்லும்போது நீரும் உடலுக்குள் செல்கிறது. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமொன்றில் வாந்திபேதி பரவிச் சேலைன் போத்தல்கள் தீர்ந்துபோனபோது, வைத்தியர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சீனியும் கலந்த நீரைப் பெருமளவில் வாயால் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இன்றைய கலவையில் ஒரு லீற்றர் நீருக்குச் சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சித்திரேற்று 2.9 கிராம் உள்ளன. இந்த விகிதமே உயிர். ஆகவே பக்கற்றில் எழுதியுள்ள அளவு நீரில், கொதித்தாறிய நீரில், முழுவதையும் கரைக்க வேண்டும்; சுவைக்காகச் சீனி கூட்டுவது வயிற்றோட்டத்தையே கூட்டும். இளநீரில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே துணையாகக் கொடுக்கலாம், ஜீவனிக்குப் பதிலாக அல்ல. குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். புற்றுநோயும் சமிக்ஞைக் கோளாறுதானா? ஒருவகைக் குருதிப் புற்றுநோயை மாத்திரையாலேயே கட்டுப்படுத்துவதாக அறிந்தேன்.
– மாணவி ஒருவர், கல்முனை

பதில்: பெரும்பாலான புற்றுநோய்களில் பெருகு என்னும் செய்தி ஓய்வதில்லை. இதற்குத் தெளிவான சான்று ராஸ் என்னும் சிறு புரதம். ஜிரிபி என்ற மூலக்கூறைப் பற்றியிருக்கும்போது அது செயற்படும். அந்த ஜிரிபியைத் தானே உடைத்துவிட்டு ஓய்வு நிலைக்குத் திரும்பும். அதன் 12ஆம் இடத்திலுள்ள கிளைசின் வேறோர் அமினோ அமிலமாக மாறிவிட்டால் உடைக்கும் ஆற்றல் கெட்டு, ராஸ் நிரந்தரமாகச் செயற்பட்டுக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 190 அமினோ அமிலங்களுள் ஒன்றேயொன்று மாறியதன் விளைவு இது. 1982இல் இவ்விகாரம் மனிதப் புற்றுநோய்க் கலத்தில் கண்டறியப்பட்டது. ஆனால் மருந்து பற்றிக்கொள்ளத்தக்க குழிவு அப்புரதத்தில் எளிதில் தென்படாமையால், அதன் ஒரு விகார வடிவத்தை நேரடியாகத் தடுக்கும் முதல் மருந்து 2021இலேதான் அங்கீகாரம் பெற்றது.

நீங்கள் குறிப்பிட்டது நாட்பட்ட மைலொயிட் லியூக்கேமியாவாக இருக்க வேண்டும். 1960இல் பிலடெல்பியாவில் பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் ஆகியோர் அந்நோயாளிகளின் கலங்களில் வழமையிலும் சிறிய நிறமூர்த்தம் ஒன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் அது உண்டானது என்பதை 1973இல் ஜனற் ரோலி காட்டினார். அந்த இடமாற்றத்தால் இரு பரம்பரை அலகுகள் ஒட்டிப் பிறக்கும் புதிய புரதம், நிறுத்த முடியாத ஒரு கைனேசு. 2001இல் அங்கீகரிக்கப்பட்ட இமற்றினிப், அக்கைனேசின் குழிவுக்குள் அமர்ந்து, பொசுபேற்றை வழங்கும் ஏரிபி அங்கு வந்தமராதபடி தடுக்கிறது. அதற்கு முன்னர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தோர் மூவரில் ஒருவர் அளவிலேயே இருக்க, இம்மருந்தோடு தொடங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில் அக்காலத்தைக் கடந்தனர். எனினும் சிலரில் அக்கைனேசு மேலும் விகாரமடைந்து குழிவின் வடிவம் மாறிவிடுவதால் மாத்திரை பொருந்தாமற் போகிறது. அவர்களுக்காகவே அடுத்தடுத்த தலைமுறை மருந்துகள் வடிவமைக்கப்பட்டன. மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளின் பின் அதை நிறுத்திப் பார்க்கலாமா என்பதை, குருதியில் அந்த ஒட்டுப் புரதத்துக்குரிய ஆர்என்ஏ எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்த்து வைத்தியர்கள் முடிவுசெய்வர்.